மோர் குடிக்காதவர்கள்

கல்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் ஊர். நேற்று கோயில் விருந்து. இன்று காலை பாதி ஊருக்கு வாந்தி, பேதி.

சுகாதார நர்ஸ் வந்து விசாரித்தார். சாமி சாப்பாட்டைக் குறைசொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. "சூடு ஜாஸ்திங்க" என்று மழுப்பினார்கள்.

நர்ஸ் கேள்வியைத் திருப்பினார். "சரி, யாருக்கு ஒண்ணும் ஆவல? நீங்கள்லாம் இன்னா சாப்புடல?"

"மோருங்க" என்றார் கூலி வேலைக்குப் போகும் அக்கா ஒருவர். "கடைசிப் பந்திக்கு என்னிக்கு மோர் வந்துகீது?"

அந்தப் பந்தியில் சாப்பிட்ட எல்லோரிடமும் அதே பதில்.

விருந்தில் மிஞ்சி, இன்று மதியத்துக்கு வைத்திருந்த மோரைப் பரிமாறவிடாமல் நர்ஸ் தடுத்தார். பரிசோதனைக்கு ஒரு புட்டி எடுத்தார். யார் யாருக்கு என்ன என்று கைபேசியில், நோய்க் கணக்கெடுக்கும் அரசு செயலியில் பதிந்தார். ஒரே கேள்வியில் மிச்ச ஊரைக் காப்பாற்றிவிட்டாரே என்று அசந்து நின்றேன். எங்கள் ஊர் வயிற்றுவலி இனி நாட்டின் கணக்கில் இருக்கும்.

கடைசிப் பந்திக்கு மோர் ஏன் கிடைக்கவில்லை என்று எழுத மட்டும் அந்தச் செயலியில் கட்டம் இல்லை.

உங்கள் ஊரில் கடைசிப் பந்தி யாருக்கு?