வசந்தாவின் செக்கோஸ்லோவாகியா

வெளிநாட்டுப் புத்தகத்துக்கென்று ஒரு வாசனை உண்டு. வழவழப்பான தாளும் மையும் சேர்ந்து, பிரித்தவுடன் மூக்கில் ஏறும் அந்த வாசனைக்காகவே தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஜனவரிக் குளிரில், காதை மூடும் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு, அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, தூதரகங்கள் வரிசையாக இருக்கும் சாணக்யபுரிக்குப் போனேன். டெல்லியில் படித்த பிள்ளைகளுக்கு இது புரியும். தூதரக வாசலில் நின்று, "பையா, ஸ்கூல் ப்ராஜெக்ட்" என்று ஹிந்தியில் அண்ணன் முறை வைத்துக் கெஞ்சினால், காவலாளி உள்ளே போய் அந்த நாட்டைப் பற்றிப் படம் போட்ட புத்தகங்களை ஒரு கத்தையாகக் கொண்டுவந்து கொடுப்பார். எல்லாம் இலவசம், பனிமலை முதற்கொண்டு.

ஏழாம் வகுப்பில் எங்கள் சரோஜா டீச்சர் ஆளுக்கொரு நாட்டைச் சீட்டுப் போட்டுக் கொடுத்திருந்தார். நிலம், சரித்திரம், மக்கள் என்று மூன்று தலைப்பு. பெரிய சார்ட் பேப்பரில் எழுதி ஒட்டி, பிப்ரவரிக் கண்காட்சியில் விருந்தாளி முன்னால் நின்று பேச வேண்டும். "கன்ட்ரி ப்ரொஃபைல்" என்று டீச்சர் அதற்குப் பெயர் வைத்திருந்தார். எனக்கு நார்வே வந்தது. என் பக்கத்தில் உட்காரும் வசந்தாவுக்குச் செக்கோஸ்லோவாகியா.

வசந்தா கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், டெல்லிக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. தமிழை அருவி மாதிரி வாசிப்பாள், இங்கிலீஷும் ஹிந்தியும் தொண்டையில் மாட்டிக்கொள்ளும். அவள் அப்பா ஏதோ ஒரு மத்திய அமைச்சக நூலகத்தில் அட்டெண்டர். "இன்னும் ஒரு தடவ டீச்சர் குறை சொன்னா, கூட்டிட்டுப் போயி ஊர்ல அத்தை வீட்ல விட்ருவேன்னு எங்கப்பா சொல்லிட்டாக" என்று என்னிடம்தான் சொன்னாள். அவளுடைய அம்மாவும் கைக்குழந்தைத் தம்பியும் இங்கே இருப்பார்கள், இவள் மட்டும் அங்கே. அந்த அத்தை பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மாட்டாள், தீப்பெட்டி ஒட்டத்தான் உட்கார வைப்பாள் என்பதும் அவளே சொன்னதுதான். ஆகவே இந்தக் கண்காட்சியில் நல்ல பெயர் வாங்கியே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

நின்றவள் சும்மா நிற்கவில்லை. நூலகத்தில் கழித்துப் போட்டிருந்த தடிமனான புத்தகம் ஒன்றை அவள் அப்பா கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதை வைத்துக்கொண்டு, மலைக்குப் பஞ்சு ஒட்டி, நதிக்கு நீல நூல் ஓட்டி, அந்த நாடு கண்ணாடிச் சாமான்களுக்குப் பேர்போனது என்று படித்துவிட்டு, தன் அம்மாவின் உடைந்த வளையல் துண்டுகளைப் பொறுக்கி வரிசையாகப் பதித்திருந்தாள். வெயில் பட்டால் சார்ட் முழுக்க மினுங்கும். வகுப்பே அவள் பெஞ்சைச் சுற்றி நின்றது. என் நார்வே, கத்தரித்து ஒட்டிய படங்கள், அவ்வளவுதான். என் வயிறு எரிந்தது. இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, தெரிந்தாலும் சொல்லப் போவதில்லை.

நார்வேக்காரர்களிடம் புத்தகம் வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், செக்கோஸ்லோவாகியா தூதரகம் எது என்று அப்பாவிடம் கேட்டேன். அப்பா சிரித்தார். "பேப்பர் பாக்கறதே இல்லையா நீ? அந்த நாடு புது வருஷத்தோட ரெண்டாப் போச்சு. இனிமே செக் தனி, ஸ்லோவாகியா தனி. அந்தப் பேர்ல நாடே கிடையாது" என்றார். வகுப்புச் சுவரில் தொங்கிய பழைய வரைபடத்தைப் பார்த்து டீச்சர் சீட்டு எழுதியிருக்கிறார் என்பது அந்தக் குளிரிலும் எனக்கு உடனே விளங்கிவிட்டது. மறுநாள் வசந்தாவிடம் சொல்லியிருக்கலாம். கண்காட்சிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததோடு நிற்கவும் இல்லை. "பேரைப் பெரிசா எழுது, தூரத்துலேர்ந்து தெரியணும்" என்று என் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவைக் கொடுத்தேன். டீச்சர் கையெழுத்தில் இருந்த சீட்டைத் தொலைக்காமல் வைக்க வேண்டும் என்று அவள் பயந்தபோது, நானே பசை தடவி அதைச் சார்ட்டின் பின்பக்கம் ஒட்டிக் கொடுத்தேன். "ரொம்ப நல்லவ நீ" என்றாள்.

கண்காட்சிக்கு விருந்தாளியாக வந்தவர் வெளியுறவுத் துறையில் இருந்து ஓய்வுபெற்ற தமிழர். ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர்கள் ஒரு கேள்வி கேட்கலாம் என்பது ஏற்பாடு. வசந்தா இரண்டு பக்க இங்கிலீஷை ஓர் இடத்தில்கூடத் திக்காமல் ஒப்பித்தாள். அவள் அப்பா லீவு போட்டுவிட்டு வந்து, செருப்பை வெளியே கழற்றிவிட்டுக் கடைசி வரிசையில் நின்றிருந்தார். கைதட்டல் அடங்கியதும் நான் கை தூக்கினேன்.

"இந்த நாடு இப்போ எங்கே இருக்கு?" என்று கேட்டேன். அவள் குச்சியால் வரைபடத்தைத் தொட்டுக் காட்டினாள். "அது இல்லாமப் போயாச்சே. போன மாசமே ரெண்டாப் பிரிஞ்சிடுச்சு" என்றேன்.

விருந்தாளி வாய்விட்டுச் சிரித்தார். "அச்சா! பேப்பர் படிக்கிற குழந்தை" என்று என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அவரைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். சரோஜா டீச்சரின் முகம் ஒரு கணம் வெளுத்து, பிறகு சிவந்தது. "நான் குடுத்தது வேற நாடு சார். இந்தப் பொண்ணு தானா மாத்திக்கிட்டிருக்கு. இவளோட எப்பவும் இதே தொல்லைதான்" என்றார். வசந்தா மெதுவாக, "சீட்டு பின்னாடி இருக்கு டீச்சர்" என்றாள். "வாயை மூடு" என்ற டீச்சர் என் பக்கம் திரும்பினார். "நீதானே பக்கத்துல உக்கார்ற. இவளுக்கு என்ன சீட்டு வந்துது?"

டீச்சருக்குத் தெரியும். வசந்தாவுக்குத் தெரியும். சார்ட்டைத் திருப்பினால் போதும், யாரும் திருப்பவில்லை. வசந்தா என்னையே பார்த்தாள், கொஞ்சம் நிம்மதியோடுகூடப் பார்த்தாள், ஏனென்றால் ஒட்டியவள் நான்.

"எனக்குத் தெரியாது டீச்சர்" என்றேன்.

கடைசி வரிசையில் இருந்து அவள் அப்பா முன்னால் வந்து, டீச்சரைக் கும்பிட்டு, "மன்னிச்சிருங்கம்மா" என்றார். மகளை அடிக்கவில்லை, திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மார்ச் பரீட்சை முடிந்ததும் வசந்தா தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போய்விட்டாள். சொல்லிக்கொண்டு போகவில்லை. எனக்கு முதல் பரிசாக ஒரு புது அட்லாஸ் கிடைத்தது. அதில் அந்த இரண்டு நாடுகளும் இரண்டு வண்ணத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

இப்போது என் மகன் பத்து நிமிஷத்தில் எந்த நாட்டையும் கம்ப்யூட்டரில் இருந்து உருவி அச்சடித்துக்கொள்கிறான். தூதரக வாசலில் நின்று புத்தகம் கேட்கும் பிள்ளைகளையும் காணோம், கேட்டால் கொடுக்கும் காவலாளிகளையும் காணோம். போன வாரம் அவன் ஐரோப்பாவைப் பற்றி எதையோ படித்துவிட்டு வந்து, ஒரு நாடு அடிதடி இல்லாமல், ஒருவருக்கும் காயமில்லாமல் இரண்டாகப் பிரிந்ததாம், ஆச்சரியமாக இல்லையா என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

வசந்தா எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. இந்தக் காலத்தில் ஓர் ஆளைத் தேடிப் பிடிப்பது பெரிய காரியமில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் தேடவில்லை. கிடைத்துவிட்டால், அந்தச் சீட்டை ஒட்டியது நான்தான் என்று அன்று சொல்லாததை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கும். அவளுக்கு அது ஏற்கெனவே தெரியும்.