ஊர்ச் சேதியும் குப்பத்துச் சேதியும்

பேப்பர்ல போட்டிருக்குன்னு யாராவது சொன்னா எனக்கு இன்னிக்கும் வயிறு எரியும். போட்டவன் நேர்ல வந்து பாத்தானான்னு கேப்பேன். கெழவிக்கு வேற வேல இல்லன்னு சிரிப்பாங்க. சிரிக்கட்டும். பட்டது நான்.

அப்போ பிரெஞ்சுக்காரன் ஆட்சி. நான் கடற்கரைக் குப்பத்துக்கு வாக்கப்பட்டு, கைக்கொழந்தையோட இருந்தேன். எம் புருசன் கொண்டார மீனை நானும் மாமியாளும் கூடையில சொமந்துக்கிட்டுப் போயி பாகூர் தெருவெல்லாம் விப்போம். காசு கண்ணால பாக்கறது கொறச்சல். மீனுக்கு நெல்லுதான் தருவாங்க. அந்த நெல்லக் குத்தினாத்தான் வூட்டுல ஒல கொதிக்கும்.

அந்த வருசம் பாகூர்ல வாந்திபேதி வந்துச்சு. மொதல்ல கண்டது நெல்லு மண்டிக்காரர் தெருவுல. எங்க குப்பத்துல ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. ஆனா பாண்டிச்சேரி பேப்பர்ல இன்னா வந்துச்சு தெரியுமா? மீன்காரிங்கதான் நோயக் கூடையில கொண்டாந்து ஊர்ல எறக்கறாங்க, அவங்கள உள்ள வுடாதீங்கன்னு. பாகூருக்கு வர பேப்பர மண்டிக்காரர்தான் மண்டி வாசல்ல ஒக்காந்து சத்தமாப் படிப்பார். எழுத்து தெரியாத ஜனம் சுத்தி நின்னு கேக்கும்.

மறுநாள் கூடையோட போனோம். ஒவ்வொரு கதவா சாத்தினாங்க. தினம் கைய வுட்டுக் கெளறி மீன் பொறுக்கறவளுங்க முந்தானையால மூக்கப் பொத்திக்கிட்டாளுங்க. அட பாவிங்களா, நேத்து வரைக்கும் மணத்தது இன்னிக்கு நாறுதா? மீனை வாய்க்கா ஓரத்துல கொட்டிட்டு வந்தோம். சுத்து ஊர்லயும் இதே கததான். கொஞ்ச நாள்ல கஞ்சிக்குக்கூட நெல்லு இல்லாம, வெறும் மீனத் தின்னு நாளத் தள்ளினோம். எனக்குப் பால் வத்திப்போச்சு. கொழந்த காஞ்ச மாரச் சப்பிட்டு வீல்வீல்னு கத்தும்.

எழுதினவனையே போய்க் கேப்போம் வாடின்னு மாமியா கெளம்பினா. கடலோரமாவே நடந்து பாண்டிச்சேரி போயி அந்த ஆபீசக் கண்டுபுடிச்சோம். படியேற வுடல. பத்திரிகை ஆசிரியர் வெளிய வந்தார், சின்ன வயசுதான். பாகூர்ச் சேதியெல்லாம் எழுதி அனுப்பறது மண்டிக்காரர், பெரிய மனுசர், பொய் எழுத மாட்டார்னார். அப்பத்தான் எங்களுக்கு வெளங்குச்சு. எழுதறதும் அந்தாளு, படிக்கறதும் அந்தாளு.

மாமியா கொரல ஒசத்தல.

"சாமி, உங்காளு யாராச்சும் எங்க குப்பத்துக்கு வந்து பாத்தீங்களா? எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அவருக்கு மூஞ்சி சுருங்கிப்போச்சு. உள்ள திரும்பி, அங்க யாராச்சும் போயிருக்கீங்களான்னு கேட்டார். அம்மாம் பேரு வேல செஞ்சாங்க, எங்க குப்பம் எந்தப் பக்கம்னுகூட ஒருத்தருக்கும் தெரியல. தப்பாப் போட்டுட்டோம்னு வர வாரமே எழுதறேன்னார். சொன்னபடி எழுதவும் செஞ்சார், அது வரைக்கும் நல்லவர்தான்.

பேப்பர் வந்த அன்னிக்கு நாங்களும் மண்டிக்குப் போயி, கூட்டத்துக்குப் பின்னால தள்ளி நின்னோம். மண்டிக்காரர் ஒண்ணு வுடாமப் படிச்சார். பிரான்சுல மந்திரி மாறினது, வில்லியனூர்ல தேர் ஓடினது, கூந்தல் தைலம் விக்கறது வரைக்கும். படிச்சிட்டு மடிச்சி வெச்சார். எங்களப் பத்தி ஏதோ போட்டிருக்குமே அய்யான்னு நான் கேட்டேன். அவர் இல்லன்னு சொல்லல.

"போட்டிருக்கு. அது உங்க குப்பத்துச் சேதி. அங்க போயிப் படிச்சுக்கோங்க."

எங்க குப்பத்துல எழுத்து தெரிஞ்ச ஆளு ஒருத்தர் இல்ல. அது அவருக்கும் தெரியும். பழி போட்டப்போ அது ஊர்ச் சேதி. பழி இல்லன்னு ஆனதும் அது குப்பத்துச் சேதியாயிடுச்சு. சுத்தி நின்னவங்க துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு அவங்கவங்க வழியப் பாத்துப் போனாங்க.

பொறவு நோய் தானா அடங்குச்சு. மீனில்லாம நாக்கு செத்துப்போச்சு போல, கதவு ஒண்ணொண்ணா தொறந்துச்சு. மொதல்ல கூப்புட்டதே மண்டிக்காரர் பொஞ்சாதிதான். முறத்த நீட்டிக்கிட்டு, ஏன்டி இத்தினி நாளா இந்தப் பக்கமே காணோம்னு கேட்டா. இடுப்புல ஒரு கொழந்தையத் தூக்கிட்டு வருவியே, எங்கடின்னா.

அது செத்துப்போயிருந்துச்சு. வாந்திபேதி இல்ல, பசி. நான் மீன முறத்துல போட்டுட்டு நெல்ல வாங்கிக்கிட்டேன். எம் புள்ள செத்தது எந்தப் பேப்பர்லயும் வரல. வந்திருந்தாலும் அந்தாளு படிச்சிருக்கமாட்டார்.