நீல மீனோடு வாழக்கூடியவை

அண்ணைக்கு நான் கரண்டியால் சாப்பாடு தீத்துவது மீன் தொட்டிக்கு முன்னால்தான். நீல மீன் தன் கல்லை விட்டு வெளியே வந்து, செட்டையை விரித்து, இன்னொரு மீனைத் துரத்திக்கொண்டு கண்ணாடி ஓரமாகப் போகும். அண்ணையின் கண்ணும் அதன் பின்னால் போகும். அப்போது அவரின் வாய் தானாகக் கொஞ்சம் திறக்கும். அந்த நேரம் பார்த்துக் கரண்டியை உள்ளே வைத்துவிட வேண்டும். மீன் கல்லுக்குள் போய்விட்டால் வாயும் மூடிவிடும். பிறகு எவ்வளவு கெஞ்சினாலும் திறக்காது.

இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. கோப்பாயில் எங்கள் வீட்டில் தங்கச்சி நானும் அண்ணையும் மட்டும்தான். அண்ணி இறந்த பிறகு கனடாவில் இருக்கிற அவர் மகன் சொல்லி, அண்ணை முன்ஹோலில் சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி செய்வித்தார். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிற சுண்ணாம்புத் தண்ணீர். அதில் மற்ற வளர்ப்பு மீன்கள் வாடிப்போகும், ஆபிரிக்க ஏரி மீன்களான சிக்லிட்டுகள் மட்டும் செழித்து வளரும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். கிணறு ஆழமாக்கினபோது வெட்டி எடுத்த கற்களை அடுக்கி அவற்றுக்குக் குகை கட்டிக் கொடுத்தார். அவை பாசியும் கீரையும் தின்கிற சாதி. பசளிக்கீரையை அவித்துப் போடுவார். எங்கடை மீனும் சைவம்தான் என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

பிறகு அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. 'ஓம்' என்கிற ஒரு சொல்தான் மிஞ்சியது. அதையும் வேண்டும் என்பதற்கும் சொல்வார், வேண்டாம் என்பதற்கும் சொல்வார். விழுங்கும்போது புரைக்கேறியதில் சாப்பாடு என்றாலே அவருக்குப் பயம் பிடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். அதை இடக்கையால் இழுத்து எடுத்துவிட்டார். திரும்பப் போட்டபோது, அந்தக் கையைத் துணியால் கட்டிலோடு கட்டினார்கள். அவர் நன்மைக்குத்தான் கட்டினார்கள், அது எனக்கு விளங்கும். ஆனால் அண்ணை கட்டின கையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். வாயால் சாப்பிடப் பழக்குகிறேன் என்று சொல்லிக் கூட்டிவந்தேன். வீட்டில் எந்த மூலையில் கதிரையைப் போட்டும் வாய் திறக்காதவர், தொட்டிக்கு முன்னால் திறந்தார்.

கார்த்திகையில் விடாமல் மழை பெய்து மின்சாரம் போனது. தொட்டிக்குள் காற்று விடுகிற மோட்டர் நின்றுவிட்டது. நான் செம்பால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றினேன், அதனால் கொஞ்சம் காற்றுச் சேரும் என்று. கை விட்டுப்போகும் வரை ஊற்றினேன். மின்சாரம் வந்தபோது தொட்டி முழுக்க வெள்ளை வயிறுகள் மிதந்தன. நீல மீனும் வேறு மூன்றும்தான் மிஞ்சின. அண்ணையை அறையை விட்டு வெளியே எடுக்காமல் எல்லாவற்றையும் அள்ளி வாழையடியில் தாட்டேன்.

முன்பு கூட்டமாக இருந்தபோது நீல மீன் துரத்துவது விளையாட்டுப் போல இருந்தது. இப்போது மிஞ்சின மூன்றையும் அது ஓய விடவில்லை. ஒவ்வொன்றாக முடிந்தன. கடைசியாகச் செத்ததை நான் எடுக்க முன்னம் அண்ணை கண்டுவிட்டார். அன்றைக்குக் காலமையும் சாப்பாடில்லை, மத்தியானமும் இல்லை. அந்தக் கிழமை கிளினிக்கில் நிறை பார்த்த டொக்டர், இன்னும் குறைந்தால் குழாய்தான் போடவேண்டும், வேறு வழியில்லை என்றார். நான் தலையாட்டினேன். பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்த அண்ணையும் 'ஓம்' என்றார்.

மீன் வாங்க நான்தான் போகவேண்டியிருந்தது. நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவள். கடையில் சாமானைக் கையால் காட்டி வாங்குகிறவள். வெளியில் கதைக்கிற வேலை எல்லாம் அண்ணையினுடையது. பக்கத்து வீட்டு அக்காவை அவரோடு இருத்திவிட்டு யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் ஏறினேன். கேட்கவேண்டியதை வழி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். கடைக்காரர் என்ன மீன் வேண்டும் என்று கேட்டதும் பாதி மறந்துபோனது. சண்டை பிடிக்காத ஆபிரிக்க மீன் வேண்டும் என்றேன்.

"அப்பிடி ஒண்டு வந்தால், அக்கா, முதல் என்ரை வீட்டுக்குத்தான் கொண்டு போவன்" என்றார்.

நான் அதற்குள் ஒரு திட்டம் போட்டு வைத்திருந்தேன். கொஞ்ச மீன்தான் விடவேண்டும். இடம் தாராளமாக இருந்தால் பகை வராது, வேலியைத் தள்ளிப் போட்டால் அயலோடு சண்டை தீர்கிற மாதிரி. இன்னொன்று, எல்லாம் சோடியாக இருக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் எதையும் ஒற்றையாக வளர்க்க மனம் வராது. புறாவென்றாலும் சோடி, முயலென்றாலும் சோடி. நீல மீனுக்கு இவ்வளவு கோபம் அது தனியாக இருப்பதால்தான் என்று நான் உறுதியாக நம்பினேன். மஞ்சளில் ஒரு சோடி, வெள்ளையில் ஒரு சோடி, நீலத்துக்கு ஒரு பெண் என்று கேட்டேன்.

"மீன் வாங்க வந்தனீங்களோ, கலியாணம் பேச வந்தனீங்களோ? சாதகமும் பாக்கவோ?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரித்து முடித்துவிட்டு இன்னும் ஏதோ சொல்ல வெளிக்கிட்டார். எனக்கு முகம் எரிந்தது. காதில் விழாதது போலக் காசைக் கொடுத்து, மீன் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நீலத்துக்குக் கொண்டுவந்த பெண் மீன் சாம்பல் நிறம், சின்னது. விட்டவுடன் நீல மீன் அதன் முன்னால் உடம்பை நடுங்க வைத்து ஆடியது. அண்ணையின் கண் விரிந்தது. அன்று ஒரு கோப்பை கஞ்சி முழுவதும் குடித்தார். நான் குசினிக்குள் போய் நின்று கண்ணைத் துடைத்தேன். அடுத்த நாளே ஆட்டம் துரத்தலாக மாறியது. அதற்கென்று ஒரே ஒரு பெண், வேறு பார்க்க ஆளில்லை. அது கல்லுக்குள் ஒளித்தால் கல்லுக்குள், மேலே போனால் மேலே. கடைசியில் தண்ணீர் சுத்திகரிக்கிற குழாயின் பின்னால், மேல் மூலையில், தலை கீழாக ஒட்டிக்கொண்டு நின்றது. வால் நூல் நூலாகக் கிழிந்திருந்தது. நான் வலையோடு ஓடிவரும்போது அது செத்துத் தொட்டியின் அடிக்குப் போய்விட்டது. அண்ணை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கரண்டியைக் கொண்டுபோனபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

கொலைகாரனைப் பிரித்துவிட்டால் சரி என்று நீல மீனைப் பிடித்து ஒரு பேசினில் விட்டேன். தொட்டி அமைதியானது. அண்ணையின் கண் நீல மீனை ஒவ்வொரு கல்லாகத் தேடியது. அவர் தேடுவதைப் பார்க்க என்னால் முடியவில்லை. அதற்குள் மஞ்சள் ஆண் நீலத்தின் குகைக்குள் குடிவந்து வெள்ளைகளைத் துரத்திக் கலைக்கத் தொடங்கிவிட்டது. பிறகு மறுவளமாகச் செய்தேன். மற்றவற்றை வாளியில் விட்டுவிட்டு நீல மீனை மட்டும் தொட்டியில் விட்டேன். எதிரியும் இல்லை, துணையும் இல்லை. அது குகைக்குள் போய் இருந்துவிட்டது. நாளுக்கு நாள் நிறம் மங்கியது. கறுப்புக் கோடுகள் அழிந்து, ஊறவைத்த சீலை மாதிரி ஒரு சாம்பல் நீலம் வந்தது. அண்ணையின் தோள் எலும்பு சட்டைக்கு மேலால் தெரிந்தது. ஒரு நேரத்துக்கு நாலு கரண்டி போனால் பெரிய காரியம்.

கனடாவிலிருந்து அண்ணையின் மகன், என் மருமகன், வீடியோவில் கதைத்தான். வண்ண மீன்கள் நீந்துகிற படங்களை அனுப்பியிருந்தான். போனை அண்ணைக்கு முன்னால் பிடித்தேன். கொஞ்சம் பார்த்தார், பிறகு போனுக்கு மேலால் தொட்டியைப் பார்த்தார்.

"மாமி, குழாய் போடுறது பாவமில்லை" என்று மருமகன் சொன்னான். "இஞ்சை எல்லாருக்கும் போடுறவை. நீங்கள் உங்களைப் போட்டு வருத்தாதேங்கோ."

அவன் அன்பாகத்தான் சொன்னான். நான் ஓம் தம்பி என்றேன். போனை வைத்த பிறகு அண்ணையின் இடக்கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அதில் மட்டும் இன்னும் பலம் இருந்தது. அடுத்த கிளினிக் கிட்ட வந்துகொண்டிருந்தது. கோயிலுக்குப் போனால் என்ன கேட்பது என்றும் தெரியவில்லை. ஒரு மீன் இன்னொரு மீனைத் துரத்தவேண்டும் என்று எப்படிக் கும்பிடுவது?

திரும்பக் கடைக்குப் போனேன். இந்த முறை வழியில் எதையும் பாடமாக்கவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னேன். "தம்பி, என்ரை அண்ணைக்குப் பாரிசவாதம். நீல மீன் மற்றதுகளைத் துரத்தினால்தான் அவர் வாய் திறப்பார். துரத்தவும் வேணும், சாகவும் கூடாது. அப்பிடி மீன் இருக்கோ?"

நான் வாழ்க்கையில் ஒரு அந்நிய ஆளோடு அவ்வளவு நீளமாகக் கதைத்தது அதுதான். கடைக்காரர் வலையைக் கீழே வைத்தார். அன்றைக்குச் சொல்ல வெளிக்கிட்டதைத்தான் இன்றைக்குச் சொல்கிறேன் என்று தொடங்கினார். கொஞ்சமாக விட்டதுதான் பிழை. இந்தச் சாதிக்கு நெருக்கமாக விடவேண்டும், அதுவும் ஒரே நாளில். பெண் ஒன்றும் வேண்டாம், எல்லாம் ஆண். நீல நிறமும் வேண்டாம், கறுப்புக் கோடும் வேண்டாம். தன்னைப் போல ஒன்றைக் கண்டால்தான் அதற்கு விசர் ஏறும். விடமுன்னம் கல்லெல்லாவற்றையும் கலைத்து அடுக்கவேண்டும். அப்போது தன் காணி எது என்று அதற்கே தெரியாது. நெருக்கமாக இருந்தால் தண்ணீர் கெதியில் கெடும், அடிக்கடி மாற்றவேண்டும்.

"ஒருத்தனையே கலைச்சால் அவன் சாவான். இருபது பேரைக் கலைச்சால் கலைக்கிறவனுக்குத்தான் களைப்பு" என்றார். பிறகு குரலைக் குறைத்தார். "ஆனால் அக்கா, ஒண்டிரண்டு போகும். உதை மட்டும் என்னாலை மறைக்க ஏலாது."

எனக்கு அது போதும் என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது.

தெரிவு செய்வதை அவர் என்னிடமே விட்டார். அவருடைய தொட்டிகளுக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். கொஞ்சம் இரை போடச் சொல்லிப் பார்த்தேன். முண்டியடித்து வந்தவை, இடி வாங்கி விலகிப்போய் உடனே திரும்பி வந்தவை, அவற்றைக் காட்டினேன். மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை, புள்ளி போட்டது ஒன்று. செட்டை கிழிந்து ஆறினதையும் எடுக்கச் சொன்னேன், அது ஏற்கெனவே பிழைத்த ஒன்று. அடியில் மூலையோடு ஒதுங்கி நின்ற ஒரு ஊதா மீன் நல்ல வடிவு. கடைக்காரர் அதற்கும் வலையைக் கொண்டுபோனார். அது வேண்டாம் என்றேன்.

ஓட்டோவில் பைகளைக் கொண்டுவந்து சேர்த்தேன். முதலில் நீல மீனைப் பேசினுக்கு மாற்றினேன். அண்ணை கட்டின குகைகளை ஒவ்வொரு கல்லாகத் தூக்கினேன். அவர் பின்னால் இருந்து தொண்டைக்குள் ஒரு சத்தம் போட்டார். திரும்பினால் வேலை நின்றுவிடும் என்று திரும்பவில்லை. வலப்பக்கத்துக் கல் இடப்பக்கம் போனது, ஒளிக்கக் கூடியதாகக் கண்ணாடியோரம் முழுக்கச் சின்னப் பொந்துகள் வைத்தேன். பைகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, புதியவற்றையும் வாளியில் இருந்த பழைய ஆண்கள் இரண்டையும் விட்டேன், பெண்கள் வாளியிலேயே நின்றன. அவை பரவி இடம் பிடித்த பிறகு கடைசியாக நீல மீனை விட்டேன்.

அது தன் குகை இருந்த இடத்துக்குப் போனது. அங்கே மணல்தான் இருந்தது. சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு செம்மஞ்சள் மீன் குறுக்கே போனது. நீல மீன் நின்றது. நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கவே கோடுகள் ஒவ்வொன்றாக அதன் உடம்பில் ஏறின. பிறகு பாய்ந்தது. செம்மஞ்சள் விலக நடுவில் மஞ்சள் வந்தது, மஞ்சளைக் கலைக்கப் புள்ளி வந்தது. ஒன்றை நினைத்து ஓடி இன்னொன்றில் முட்டியது. தொட்டி முழுக்க நிறங்கள் கலங்கின.

நான் கஞ்சிக் கோப்பையை எடுத்துக்கொண்டு முக்காலியை இழுத்துப் போட்டு இருந்தேன். அண்ணையின் கண் ஓடத் தொடங்கியிருந்தது. வாய் திறந்தது. ஒரு கரண்டி. விழுங்கினார். புரைக்கேறவில்லை. இன்னொன்று. அவர் 'ஓம்' என்றார். எதற்கு என்று தெரியவில்லை, ஆனால் சொல்லிவிட்டுத் திரும்ப வாயைத் திறந்தார்.

கோப்பை பாதியானபோது கடைக்கண்ணில் கண்டேன். தொட்டிக் குழாயின் பின்னால், மேல் மூலையில், வெள்ளை மீன்களில் சின்னது ஒன்று சாய்ந்தபடி நின்றது. வாலில் ஒரு கீறல். இப்போதே எடுத்து வாளியில் விட்டால் தப்பக்கூடும். எழும்பினால் அண்ணை நான் போகிற பக்கம் பார்ப்பார். பார்த்தால் வாய் மூடிவிடும். நாளைக்குக் கிளினிக்.

முக்காலியை ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்தினேன். என் தோள் அந்த மூலையை அவருக்கு மறைத்தது. நீல மீன் மறுபக்கம் செம்மஞ்சளைக் கலைத்துக்கொண்டு போனது. நான் அடுத்த கரண்டியை நிரப்பினேன்.