வாள் இருந்த கை

பேய், சாமி, குறி எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. திருநெல்வேலியிலிருந்து ஓசூருக்கு வந்து, தொழிற்சாலையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அளக்க முடியாததை மதித்தவன் இல்லை. நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சமூக வலைத்தளம் என்பதே புதிதாக இருந்த சமயம். எங்கள் வரலாற்றுக் குழுவுக்கு அதில் ஒரு பக்கம் தொடங்கி, பதிவு போடும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். நீளமாக எழுதினால் ஒருவரும் படிப்பதில்லை. ஒரு படம், மூன்று வரி, கொஞ்சம் அதிசயம் இருந்தால் பெங்களூரிலிருந்தெல்லாம் பாராட்டு வரும். அந்தப் பாராட்டு எனக்குக் கள் மாதிரி ஏறியது.

சூளகிரி பக்கம் முனியப்பா என்பவரின் நிலம் தொழிற்பேட்டைக்குப் போனது. நிலத்தின் நடுவே ஒரு நடுகல், வலக்கையில் வாள் ஓங்கிய வீரன். அவர்கள் வீட்டுக்கு அவன்தான் சாமி. அந்தக் கல்லடி மண்ணையாவது விட்டுவிடுங்கள் என்று அவர் கேட்டார். எங்கள் குழுவின் காட்சிக்கூடத்துக்குக் கல் வேண்டும் என்று நான் கேட்டேன். ஊர்ப் பகை வேண்டாமென்று நினைத்த கம்பெனிக்காரர்கள், பூ போட்டுக் கேளுங்கள், சாமி சொல்கிறபடி செய்கிறோம் என்றார்கள்.

உச்சி வெயிலில் நாங்கள் இருவர் மட்டும் போனோம். நனைத்த பூக்களைக் கல்லின் இரு தோளிலும் ஒட்டினார் முனியப்பா. சாமியின் வலப்பக்கத்துப் பூ விழுந்தால் கிளம்பச் சம்மதம், இடப்பக்கத்துப் பூ விழுந்தால் மறுப்பு. இடப்பக்கத்துப் பூதான் விழுந்தது. அவர் அழுதுவிட்டார். நான் படம் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து கணினியில் அந்தப் படத்தை இடவலமாகத் திருப்பினேன். ஒரு சொடுக்குதான். விழுந்த பூ வலப்பக்கம் போய்விட்டது. ‘வர இசைந்தான் வீரன்’ என்று பதிவு போட்டேன். அசல் படத்தை அழித்தேன். வாளும் இடக்கைக்கு மாறிவிட்டதை நான் கவனிக்கவில்லை. பார்த்தவர்கள் கவனித்தார்கள். இடக்கை வீரன், அபூர்வம் என்று பாராட்டு குவிந்தது, நான் திருத்தவில்லை. முனியப்பா கம்பெனி வாசலில் நின்று மன்றாடினாராம். படம் பொய் சொல்லுமா பெரியவரே என்று அனுப்பிவிட்டார்களாம்.

மத்திகிரியில் எங்கள் கூடத்து வாசலில் கல்லை இறக்கிச் சாக்கைப் பிரித்தார்கள். நம்பினால் நம்புங்கள், வாள் இடக்கையில் இருந்தது. கல்லில். தடவிப் பார்த்தேன், புதிதாகச் செதுக்கிய தடமே இல்லை, பாசிகூடப் பழைய பாசி. பதிவில் பார்த்தபடியே இருக்கிறது சார் என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள். நான் வாயைத் திறந்தால் பூவின் கதையும் வெளியே வரும். திறக்கவில்லை.

சில நாள் கழித்து முனியப்பா வந்தார். கல்லை வெகுநேரம் பார்த்தார்.

“எங்க சாமி சோத்துக் கைலதான் கத்தி புடிச்சிருப்பான். இது யாருங்க சார்?”

“வெயில்ல சரியா பாத்திருக்க மாட்டீங்க.”

“அறுவது வருசமா பாக்கறனுங்க.”

பிறகு என்னை விட்டுவிட்டுக் கல்லிடம் குனிந்து, வீட்டில் பேசும் தெலுங்கில் ஏதோ கேட்டார். எனக்கு அந்த மொழி தெரியாது. கேட்டுவிட்டுக் காதைக் கொடுத்துக் காத்திருந்தார். தொலைபேசியில் எதிராளி பேசும்போது நாம் ‘ம்’ கொட்டுவோமே, அப்படி நடுநடுவே ‘ம்’ கொட்டினார். ஒருமுறை சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். மறுபடி கல்லிடம் ஏதோ சொன்னார், கெஞ்சுகிற குரல். கடைசியில் தலையாட்டிவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

“நீங்க பயப்படாதீங்க சார். உங்களுக்கு ஒண்ணும் பண்ண வேணாம்னு சொல்லிட்டேன்.”

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த வருடமே இறந்துபோனார். அவருக்கு அது என்ன பதில் சொன்னது என்று கேட்க இனி ஆளில்லை.