மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு ரேஸ் கார்

என் அண்ணனுக்குக் கல்யாணம் ஆகவில்லை; கார் இருந்தது. கூரை இல்லாத, இரண்டே பேர் உட்காரக்கூடிய, வெளிநாட்டுப் பழைய ரேஸ் கார். மதராஸில் ஒரு டாக்டர் ஓட்டி அலுத்துப்போனதை இவன் தலையில் கட்டியிருந்தார். காஞ்சிபுரத்தில், தறியில் ஓடும் நாடாவைத் தவிர வேறெதுவும் வேகமாக ஓடாத எங்கள் தெருவுக்கு அது மிகவும் அவசியம் அல்லவா? மணிக்கு நூறு மைல் போகும் என்பான். நாங்கள் பார்த்தவரை தெருக்காரர்கள் தள்ளித்தான் போயிற்று.

எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு மாப்பிள்ளை அமைந்தார், ஆரணிக்காரர். பெண் பார்க்க வந்த அன்று அவர் வாயைத் திறக்கவே இல்லை. அவருக்கும் சேர்த்து அவருடைய தாய்மாமன் பேசினார். பஜ்ஜியில் உப்பு குறைவு என்று சொன்னதும் அவர்தான், பெண் பிடித்திருக்கிறது என்று சொன்னதும் அவர்தான். மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வேண்டும், இல்லையென்றால் எங்களுக்கு என்ன மரியாதை என்று போகிற போக்கில் ஒரு நிபந்தனையும் போட்டார். அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம். நான் யாருக்கு வாழ்க்கைப்படப் போகிறேன், மருமகனுக்கா, மாமனுக்கா?

எங்களுக்குக் குறித்த முகூர்த்தத்துக்கு ஊரில் வாடகைக்கு இருந்த திறந்த கார்களையெல்லாம் வேறு கல்யாணக்காரர்கள் முன்பே பேசிவைத்துவிட்டார்கள். அப்பா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கொல்லைப்புறத்தைப் பார்த்தான். அங்கே அவன் கார் சக்கரங்கள் இல்லாமல் உரல்களின் மேல் உட்கார்ந்திருந்தது. எங்கள் உரல், அக்கம்பக்கத்து உரல், எதையும் விடவில்லை. கல்யாணத்துக்கு மாவு இடிக்க நாங்கள் அடுத்த தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

மதராஸுக்குப் பக்கத்தில் சோழவரத்தில் நடக்கும் கார் ரேஸில் ஓட்டப் போகிறானாம். அதற்கு ஸ்பிரிங்கெல்லாம் பலப்பட வேண்டுமாம். பழைய இரும்புக் கடையிலிருந்து ஜீப்பின் ஸ்பிரிங் பட்டைகளைக் கொண்டுவந்து பின்பக்கத்துப் பட்டைகளோடு சேர்த்துக் கட்டினான். முன்பக்கத்துச் சுருள் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்தெறிந்தான். ஷாக் அப்சார்பரில் இருந்த எண்ணெயை வடித்துவிட்டுத் தேன்போலக் கெட்டியான எண்ணெயை ஊற்றினான். ரப்பர் இருந்த இடத்திலெல்லாம் பித்தளையைக் கடைந்து போட்டான். கல்யாணச் சமையலுக்கு வாங்கிய புது அண்டாவில் மண்ணெண்ணெய் ஊற்றி போல்ட்டுகளை ஊறவைத்தான். அம்மா அண்டாவைப் பார்த்து அழுதாள்.

"இவ்ளோ கெட்டியா எதுக்குண்ணா?" என்று கேட்டேன்.

"தறியில பாவு நூலு தொய்ஞ்சா நெய்ய முடியுமாம்மா? வெறைப்பா இருந்தாத்தானே சேலை ஒழுங்கா வருது. காரு மட்டும் இன்னா, வேற கதையா?"

பரம்பரையாகத் தறியில் உட்கார்ந்த குடும்பம். விறைப்பாக இருப்பதெல்லாம் நல்லது என்பது எங்கள் ரத்தத்தில் ஊறிய ஞானம். பாவின் மேல் யாரும் ஏறி உட்கார்ந்து ஊர்வலம் போவதில்லை என்பதுதான் அந்த ஞானிக்குத் தோன்றவில்லை.

எப்படியோ, கல்யாணத்துக்கு முதல் நாள் கார் தரைக்கு இறங்கியது. சாயங்காலம் தெருமுனைப் பிள்ளையார் கோயிலிலிருந்து எங்கள் வீட்டுப் பந்தலுக்கு அழைப்பு. பெண் எட்டிப் பார்க்கக் கூடாது என்றார்கள். அதனால் மாடி ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்துவைத்துப் பார்த்தேன்.

நூறு மைல் கார் நாதஸ்வரக்காரரின் நடைக்குப் பின்னால் ஊர்ந்து வந்தது. குழாய்க்குத் தோண்டி, மூடியதாகப் பேர் பண்ணிய தெரு எங்களுடையது. ஒவ்வொரு கல்லுக்கும் கார் எகிறியது. காரோடு மாப்பிள்ளையும் எகிறினார். மாலை தோளிலிருந்து நழுவியது, தலைப்பாகை கண்ணை மூடியது. ஓட்டுகிற அண்ணன் முகத்தில் மட்டும் பரம திருப்தி. கார் எந்தப் பக்கமும் சாயவில்லையாம்!

"நிறுத்துங்கய்யா!" மாமன் குறுக்கே வந்து கத்தினார். "எங்க பிள்ளையை இன்னா மாவு சலிக்கிறீங்களா? வேணும்னே அவமானம் பண்றாங்க. டேய், எறங்குடா! ஆரணிக்கே திரும்பிப் போலாம்!"

நாதஸ்வரம் நின்றது. அப்பா ஓடிப்போய்க் கைகூப்பினார். அவர் அப்படி நின்றதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது, ஏனென்றால் மாமன் சொல்லி வாய் மூடுவதற்குள் மாப்பிள்ளை இறங்கிவிட்டார். அவ்வளவுதான், என் பயம் சரிதான் என்று நினைத்தேன்.

இறங்கியவர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு கார்க் கதவைத் திறந்து பிடித்தார்.

"ஏறுங்க மாமா. நீங்க ஆசைப்பட்டுக் கேட்ட காரு. நான் உக்காந்துக்கினு நீங்க நடந்து வந்தா நல்லாவா இருக்குது?"

"நானாடா?"

"மரியாதைன்னு நீங்கதானே சொன்னீங்க. ஏறுங்க."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. மாமனுக்கு வேறு வழி இல்லை, ஏறினார். மாப்பிள்ளை என் அண்ணன் பக்கம் குனிந்து, ஜன்னல் வரை கேட்கும்படியாகவே சொன்னார். "மச்சான், ரேஸ் காரு இது. கொஞ்சம் அழுத்தி ஓட்டுங்க."

அண்ணனிடம் இதை இரண்டாம் முறை சொல்ல வேண்டுமா? மேளக்காரர்கள் ஒதுங்கினார்கள். எங்கள் ஜன்னலைக் கடந்தபோது மாமன் இரண்டு கையாலும் கதவைப் பிடித்திருந்தார். வாய் திறந்திருந்தது. நான் அறிந்து முதல் தடவையாக அதிலிருந்து வார்த்தை எதுவும் வரவில்லை.

புழுதி அடங்கியதும் மாப்பிள்ளை மேளத்துக்குப் பின்னால் நடந்து வந்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அம்மா மூச்சிரைக்க மாடிக்கு ஓடிவந்தாள். "மாமன்காரரு கோச்சுக்கினு போயிட்டா இன்னாடி பண்றது? கல்யாணம் நின்னுடுமோ?"

"நிக்காதும்மா," என்றேன். "அப்பிடி நின்னா, நானே ஆரணிக்குப் போயி மாப்பிள்ளையைக் கூட்டிக்கினு வருவேன்."