ரூடோவின் கடைசித் தாடி

ஆலை அணி ஜெயிக்க ஜெயிக்க வியாபாரம் படுத்துவிடும் கடை அந்த ஊரில் ஒன்றுதான் உண்டு. அது வெண்டெலினின் சவரக்கடை. அணி ஜெயிக்க வேண்டும் என்று ஊரிலேயே அதிகமாக வேண்டிக்கொண்டவரும் அவர்தான். இரண்டையும் சேர்த்துப் பார்த்து அவர் ஒருநாளும் குழம்பியதில்லை.

மார்ச் மாதம் ஐஸ் ஹாக்கி லீக் முடிந்து கோப்பைக்கான சுற்றுகள் தொடங்கிவிட்டால், ஸ்லோவாகியாவின் அந்த உருக்காலை ஊரில் ஆண்பிள்ளைகள் முகத்தில் கத்தி படாது. ஆட்டக்காரர்கள் தாடி விடுவார்கள். அவர்களோடு சேர்ந்து பஸ் டிரைவர், தபால்காரர், பல் டாக்டர் எல்லோரும் விடுவார்கள். அணி தோற்று வெளியேறிய மறுநாள்தான் சவரம். பாதிரியார் மட்டும் தமக்கு இந்த மூடநம்பிக்கையெல்லாம் கிடையாது, கத்தி மொண்ணையாகிவிட்டது என்பார். அது வருடாவருடம் மார்ச்சில்தான் மொண்ணையாகும்.

நல்லவேளையாக, ஆலை அணி பெரும்பாலும் முதல் சுற்றிலேயே தோற்றுவிடும். வெண்டெலினின் பிழைப்பும் அதனால்தான் ஓடியது.

வெண்டெலினுக்கு அறுபது தாண்டிவிட்டது. நடக்கப் பழகுமுன் சறுக்கப் பழகும் ஊரில், பிறவியிலேயே கணுக்கால் கோணிப்போனதால் ஒருநாள்கூடப் பனிச்சறுக்குக் காலணி போடாதவர். ஆனால் அணியின் ஆட்டக்காரர்களை அவர்களுடைய பின்னங்கழுத்தை வைத்தே அடையாளம் சொல்வார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சனிக்கிழமை காலை பள்ளித் தோழன் ரூடோவுக்குச் சவரம், ஞாயிறு மதியம் ரூடோவின் வீட்டில் முட்டைக்கோஸ் சூப், ஆட்ட நாளில் அரங்கத்தில் ரூடோவுக்குப் பக்கத்து இருக்கை. ஒரு மனிதனுக்கு இது போதாதா என்று யாராவது கேட்டால், போதும் என்றுதான் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை.

ரூடோ ஆலையில் கிரேன் ஓட்டியவன். பையனாக இருந்தபோது ஆட்டத்தில் ரப்பர் வட்டு பறந்து வந்து தாடையைக் கிழித்துவிட, ஒரு தழும்பு. அந்தத் தழும்பைத் தாண்டும்போது வெண்டெலினின் கத்தி தானாகவே கொஞ்சம் சாய்ந்துகொள்ளும்.

முப்பத்தொரு வருடங்களுக்கு முன் ஆலை அணி ஒரே ஒருமுறை இறுதிச் சுற்று வரை போனது. அந்த வசந்தத்தில் அணி அவ்வளவு தூரம் போகும் என்று யார் கண்டது? ரூடோ கல்யாணத்துக்குத் தேதி குறித்திருந்தான். கடைசி ஆட்டமும் அதே சனிக்கிழமை வந்து விழுந்தது. அன்று காலை மணப்பெண் அமாலியா, வெள்ளை உடுப்புக்கு மேல் பழைய மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள்.

"இந்தக் கரடியை நான் கட்டிக்கமாட்டேன். வழிச்சு அனுப்பு, வெண்டோ."

"ஊரே என்னை வெட்டிப் போட்டுரும்டி," என்றான் ரூடோ.

"நீ கட்டிக்கப்போறது என்னையா, ஊரையா?"

வெண்டெலின் மழித்தார். அன்று மாலை அணி தோற்றது. கல்யாண விருந்தில் பாதிப்பேர் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். வாழ்த்து சொல்ல எழுந்த மாப்பிள்ளைத் தோழன் வெண்டெலினும் அழுதார். நெகிழ்ச்சி என்று பெண்வீட்டார் நினைத்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து அது ஊருக்கு ஒரு கதையாயிற்று. ரூடோ அதை மதுக்கடையில் சொல்லிச் சொல்லியே எத்தனையோ கோப்பை பொரோவிச்கா சாராயம் ஓசியில் குடித்திருப்பான். "என் கன்னம் பளபளன்னு ஆச்சு, கோப்பை போச்சு," என்று தாடையைத் தட்டிக் காட்டுவான். அவன் அதில் ஒரு சொல்லையும் நம்பியதில்லை. வெண்டெலின் நம்பினார். கத்தி பிடித்த கை அவருடையதல்லவா?

அமாலியா நம்பினாளா என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அவள் ஆலை கேன்டீனில் பரிமாறுகிறவள்; அங்கே எல்லோருக்கும் அவள் மால்கா. ஒவ்வொரு மார்ச்சிலும் தட்டை நீட்டிக்கொண்டு எவனாவது கேட்பான்: "மால்கா, இந்த வருஷம் வீட்ல கல்யாணம் காட்சின்னு எதுவும் வச்சுடலியே?" அவளும் சிரிப்பாள். கரண்டியிலிருந்து உருளைக்கிழங்கு தட்டில் சற்று வேகமாக விழும். அவ்வளவுதான்.

இந்த வருடம் அணி எட்டாம் இடத்தில் தட்டுத்தடுமாறி உள்ளே நுழைந்தது. முதல் சுற்றில் லீக்கின் முதல் இடத்துக்காரர்களை வீழ்த்தியது. ஊர் திகைத்தது. அரையிறுதியிலும் ஜெயித்தபோது வெண்டெலினின் கடையில் முடிவெட்டிக்கொள்ள வருகிறவர்கள்கூட நின்றுபோனார்கள். வீண் வம்பு எதற்கு என்று. அவர் காலி நாற்காலியில் தாமே உட்கார்ந்து, தம் நரைத்த தாடியைக் கண்ணாடியில் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தார்.

இறுதிச் சுற்று தொடங்குமுன் ரூடோ கழுத்து மயிரை மட்டும் ஒதுக்கிக்கொள்ள வந்தான்.

"இந்தத் தடவை என் மூஞ்சியில கத்தி படக்கூடாது. கல்யாணமானாலும் சரி, கருமாதியானாலும் சரி. சத்தியம் பண்ணு."

"சத்தியம்."

"கையைத் தொடச்சிட்டுப் பண்ணுடா. நுரையில பண்ண சத்தியம் வழுக்கும்."

வெண்டெலின் கையைத் துடைத்துக்கொண்டு இன்னொருமுறை செய்தார். ரூடோ விழுந்து விழுந்து சிரித்தான்.

ஆறாவது ஆட்டத்தை அணி சொந்த அரங்கில் ஜெயித்துத் தொடரைச் சமன் செய்தது. ரூடோவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மறுநாள் காலை கட்டிலில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவன், கட்டி முடிக்காமலே சாய்ந்துவிட்டான். மாரடைப்பு.

அடக்கம் இரண்டு நாள் கழித்து, நண்பகலில். ஏழாவது ஆட்டம் அன்று மாலை, வெளியூரில்.

கல்லறைத் தோட்டத்தின் துக்க மண்டபத்தில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். வாசலில் அமாலியா வெண்டெலினின் கைப்பையைப் பார்த்தாள். அவள்தான் எடுத்துவரச் சொல்லியிருந்தாள்.

"ஏழு வாரமா தாடியத்தான் பாத்துட்டிருக்கேன், வெண்டோ. அவன் மூஞ்சியை ஒரு தடவை பாத்துட்டு அனுப்பிடறேன்."

அவர் உள்ளே தனியாகப் போனார். நுரை அடித்தார். பிரஷ்ஷால் தடவவும் செய்தார். ரூடோவின் தாடி நன்றாகத்தான் வளர்ந்திருந்தது; உயிரோடிருந்தவரை அதில் கேன்டீன் கடுகுச் சட்னி எப்போதும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். இப்போது யாரோ துடைத்திருந்தார்கள். ஜன்னல் வழியே பார்த்தால், கறுப்புக் கோட்டில் ஊர் ஆண்கள் வரிசையாக நின்றார்கள். எல்லோருக்கும் தாடி. பாதிரியாருக்கும்தான். மழிக்காதே என்று வெண்டெலினிடம் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபம் வந்து மழித்திருப்பார்.

அவர் ஈரத்துணியால் நுரையைத் துடைத்தார். தாடியைச் சீவிவிட்டு வெளியே வந்தார்.

"என்னால முடியல மால்கா. அவனுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன். இன்னிக்கு ஒரு ராத்திரி தாண்டிட்டா..."

"தாண்டிட்டா? தோண்டி எடுத்து வழிப்பியா?"

அவள் உள்ளே போனாள். திரும்பி வரும்போது அவள் விரல்களில் சோப்பு வாசம் இருந்தது. மண் போடும்போது பக்கத்தில் நின்ற வெண்டெலினுக்கு அது தெரிந்தது.

துக்கச் சாப்பாட்டில் பாதிப்பேர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். பிறகு அரங்கத்துக்குப் போனார்கள். அங்கே கூரையிலிருந்து பெரிய திரை தொங்கவிட்டு ஒளிபரப்பு. ஆளில்லாத பனித்தளத்தைச் சுற்றி ஊரே உட்கார்ந்து கத்தியது. வெண்டெலின் பக்கத்து இருக்கையில் ரூடோவின் கழுத்துத் துண்டை மடித்து வைத்துவிட்டு, இன்று தோற்க வழியில்லை என்று இருந்தார். கணக்கு நேராகிவிட்டது. அவனே மண்ணுக்குள் தாடியோடு காவல் இருக்கிறான்.

கடைசி நிமிடம் வரை ஆலை அணிதான் ஒரு கோல் முன்னிலையில் இருந்தது. எதிரணி தன் கோல் காப்பவனை வெளியே எடுத்துவிட்டு, இன்னொருவனை ஆட இறக்கிச் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் யாரோ குருட்டாம்போக்காக அடித்த வட்டு, ஆலை அணித் தலைவன் கிலியானின் காலணியில் பட்டு, அவனுடைய சொந்த வலைக்குள்ளேயே போய்ப் படுத்துக்கொண்டது.

அரங்கத்தில் யாரும் எழுந்திருக்கவில்லை. கீழே பனி வெறுமையாக மின்னிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை வெண்டெலினின் கடைக்கு அவர் வாழ்நாளிலேயே பெரிய கூட்டம். வரிசை பஸ் நிறுத்தம் வரை நின்றது. துக்கம் விசாரிக்க வந்தவர்களைப் போல ஆண்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். முதல் நாற்காலி வழக்கப்படி தலைவனுக்கு. கிலியான் முப்பத்தெட்டு வயதில், வீங்கிய கண்ணோடு, இரவு பஸ்ஸிலிருந்து நேராக வந்திருந்தான். இனி ஆடமாட்டான் என்று எல்லோருக்கும் தெரியும்.

"எல்லாம் என் கால்ல பட்டுப் போச்சு, மாமா," என்றான்.

"தலையை ஆட்டாதே," என்றார் வெண்டெலின். வேறு என்ன சொல்வது? பாதி முகம் நுரையில் இருந்தது.

அப்போதுதான் கதவு மணி அடித்தது. கறுப்பு உடையில் அமாலியா. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. வெண்டெலினை மட்டும் பார்த்தாள்.

"தாடியோடதான் பொதைச்சோம்."

"ஆமா மால்கா."

"அப்பவும் தோத்தாச்சு."

"ஆமா."

"அப்ப என் கல்யாணம் காரணமில்ல."

கேன்டீனில் தட்டை நீட்டியவர்கள் பலர் அங்கே நின்றிருந்தார்கள். அமாலியா கோபமாகப் பேசவில்லை. நீண்ட நாள் தீராத சந்தேகம் ஒன்று தீர்ந்ததைச் சொல்கிறவள் போலத்தான் சொன்னாள்.

"முப்பத்தொரு வருஷமா நானும் நம்பிட்டேன், வெண்டோ. அவன் சிரிக்கறப்பல்லாம் மனசுக்குள்ள என்னைத் திட்டறானோன்னு. அதை விடு. நான் அதுக்கு வரல. அவன் தாடைல ஒரு தழும்பு இருந்துச்சே. ராத்திரி பூரா யோசிச்சுப் பாக்கறேன். இடது பக்கமா, வலது பக்கமான்னு ஞாபகம் வரமாட்டேங்குது. நேத்து தாடிக்குள்ள விரலை விட்டுத் தேடினேன். ஈரமா இருந்துச்சு, தட்டுப்படல. உனக்குத் தெரியுமே?"

வெண்டெலினுக்குத் தெரியும். கத்தியைத் தட்டில் வைத்தார். கிலியானின் தாடையில், உதட்டுக்குக் கீழே கொஞ்சம் இடப்புறமாக, நுரைக்கு மேல் விரலை வைத்துச் சாய்வாக ஒரு கோடு இழுத்தார்.

"இங்கதான்."

அமாலியா கிட்டே வந்தாள். குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தாள். பிறகு ஒரு விரலால் அதன்மேல் மெதுவாகத் தடவினாள், மேலிருந்து கீழாக. நுரை அவள் விரலில் ஒட்டியது. அணித் தலைவன் கண்ணை மூடிக்கொண்டு, சொன்னது போலவே தலையை ஆட்டாமல் இருந்தான்.

"இடது," என்றாள் அவள்.

அவள் போன பிறகும் வெண்டெலின் கத்தியை எடுக்க வெகுநேரமாயிற்று. வரிசையில் நின்ற யாரும் அவசரப்படுத்தவில்லை. அந்தக் கோடு நுரையில் தானாகவே மூடிக்கொள்ளும் வரை அவர் காத்திருந்தார்.