மறுப்புக் கடிதத்தின் கடைசி வரி

பணிப்பதிவேட்டில் முகவரி எழுதியிருந்த இடத்தை அந்தச் சத்துணவு அமைப்பாளர் அம்மா விரலால் மறைத்துக்கொண்டு நின்றது இன்னும் நினைவில் இருக்கிறது. உத்திரமேரூர் ஒன்றிய அலுவலகத்தில் ஊழியர்களின் பதிவேடுகளெல்லாம் அப்போது என் பொறுப்பு. குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடமிருந்து பிள்ளையோடு தப்பி, தென்னேரிப் பக்கத்திலிருந்து மாறுதல் வாங்கிக்கொண்டு மானாம்பதி அருகே ஒரு பள்ளிக்கு வந்திருந்தார். "நான் இங்க கீறது அந்த ஆளுக்குத் தெரியக் கூடாது சார். தெரிஞ்சா வுட மாட்டாரு" என்றார். "பீரோ சாவி எங்கிட்டதாம்மா கீது, பயப்படாத" என்றேன். என் பீரோ மேல் எனக்கு அப்படியொரு நம்பிக்கை.

சில மாதங்களில் கணவனின் மனு வந்தது. மனைவி எங்கே வேலை செய்கிறாள், பதிவேட்டின் நகல் வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டிருந்தான். சுற்றுவட்டார அலுவலகங்கள் எல்லாவற்றுக்கும் இதே மனுவைப் போட்டிருந்தானாம். அந்த அம்மாவைக் கேட்டோம். கொடுக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். தனிப்பட்ட தகவல், தர இயலாது என்று சட்டப்பிரிவு போட்டு மறுப்புக் கடிதம் தயாரித்தேன். "ஷோக்கா எழுதிக்கிறய்யா" என்று கண்காணிப்பாளரே பாராட்டிக் கையெழுத்திட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அரசுக் கடிதம் என்றால் அடியில் 'நகல்' என்று போட்டு, யார் யாருக்குப் பிரதி போகிறது என்று எழுதாமல் எங்கள் கை நிற்காது. முடிவை அந்த அம்மாவுக்கும் தெரிவிக்க வேண்டுமே என்று அவர் பெயர், பள்ளி, ஊர், பின்கோடு வரை பழக்கதோஷத்தில் அடித்திருந்தேன். கணவனுக்குப் பதிவுத்தபாலில் போன தாளிலும் அதே வரி இருந்தது.

நாலாம் நாள் அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது. "சார், அந்த ஆளு ஸ்கூல் வாசல்ல நின்னுகினு கீறாரு. கையில நம்ம ஆபீஸ் லெட்டர் கீது."

தலைமை ஆசிரியை போலீசை வரவழைத்து அவனை அனுப்பிவைத்தார். அன்று யாருக்கும் அடி விழவில்லை என்பதைத்தான் பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று நானே கண்காணிப்பாளர். எந்தக் கடிதத்தையும் அடியிலிருந்து மேல்நோக்கிப் படிக்கிறேன். பிரிவில் இருப்பவர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்கிறார்கள்.

போலீஸ் வந்துபோன மறுவாரமே அந்த அம்மா ராஜினாமாக் கடிதத்தோடு வந்தார். பிள்ளை கூடவே இருந்தது. அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு. ஏற்பு உத்தரவை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"வேற யாரு கேட்டாலும் சொல்லுவேன் சார்" என்றார். "ஒங்ககிட்ட மட்டும் சொல்ல மாட்டேன்."